தண்டபாணி மாட்டிய சுக்கான்

ராமச்சந்திராபுரம் நீராவி டர்பைன் தொழிற்சாலையில் தண்டபாணி முப்பத்துநாலு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். விடியற்காலையில் போலாரத்தில் கம்பெனி பஸ் ஏறி, நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், மற்றவர்கள் மெனக்கெட்டுக் கடைந்து வைத்திருக்கும் உருக்கு உருளைகளை அளந்து பார்த்து, "இது ஆகாது" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே திரும்புவார். இதற்கு மாதா மாதம் சம்பளமும் கொடுத்தார்கள். ரிட்டயராகும்போது சால்வையும் போர்த்தினார்கள். சால்வையின் ஓரத் தையல் கோணலாக இருந்தது மேடையிலேயே அவர் கண்ணில் பட்டுவிட்டது. அன்று மட்டும் எப்படியோ வாயை மூடிக்கொண்டு கும்பிட்டார்.

வீட்டிலும் இதே கூத்துதான். மகள் ஹர்ஷிதா பிறந்தபோது தொட்டிலைக் கடையில் வாங்கக் கூடாது, தானே செய்வேன் என்று கிளம்பினார். செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான்கு கால்களும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு, குழந்தை தானே நடந்து வந்து தொட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தது. இன்றைக்கும் அதில் பழைய செய்தித்தாள்தான் படுத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையை மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் தண்டபாணியே சொல்லிவிடுவார். தன் குறையையும் முதலில் கண்டுபிடிப்பது தானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் கறார்.

ஆனால் ஒரே ஒரு குறையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தார், ஆற்றில் அடித்துக்கொண்டு போனார் என்று ஏதாவது ஒரு காரணம் இருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரையேறிவிடுவார், அவ்வளவுதான். வாளித் தண்ணீரோடு மட்டும் அவருக்கு எந்தத் தகராறும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதருடைய மனைவி வேதவல்லி, ஐம்பதாவது வயதில் பாய்மரப் படகு ஓட்டப் போய்விட்டாள். போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் நூலகர். கோடை விடுமுறையில் பிள்ளைகளை உசேன் சாகர் ஏரிக்குப் படகு பழக அழைத்துப் போனபோது துணைக்குப் போனவள், ஒரு நாள் சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமையும் வீட்டில் தங்கவில்லை. தண்டபாணியும் கூடவே போவார். கரையில் குடையும் ஃபிளாஸ்க்குமாக நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரிகிற படகுகளிலெல்லாம் குற்றம் கண்டுபிடிப்பார். ஏரிக்கரைக் கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் இர்பான் பொறுமைசாலி. "ஹவ் சாப், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

இருவர் போகும் படகு அது. பன்னிரண்டடி நீளம். பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்து ஓட்டுபவர்தான் படகுக்கு எஜமான். முன்னால் உட்காருபவர் கயிற்றை இழு என்றால் இழுக்க வேண்டும், இந்தப் பக்கம் சாய் என்றால் சாய வேண்டும். நான்கு வருஷமாக வேதவல்லி முன்னால்தான். பின்னால் நஸ்ரின், வங்கி அதிகாரி, படகும் அவளுடையதுதான். போட்டி முடிந்ததும் பலகையில் ஒட்டும் தாளில் நஸ்ரின் பெயர் மேலே கொட்டை எழுத்தில் இருக்கும், வேதவல்லியின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இந்த ஆடி மாதம் நஸ்ரின் மகளின் பிரசவத்துக்கு மஸ்கட் புறப்பட்டாள். போகும்போது, "வேதா, இந்த மழைக்காலப் போட்டியை நீயே ஓட்டு. படகு உன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து வேதவல்லி வீட்டில் தரையில் நடக்கவில்லை. போட்டி அடுத்த ஞாயிறு. அதற்கு முந்தின ஞாயிறு பழகப் போனபோது, கரைக்குப் பக்கத்தில் சுக்கான் ஒரு கல்லில் இடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது.

இர்பான் உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். "மேடம், ஏக் கண்டே கா காம் ஹை. கைக்கு டென்ஷன்?" என்றார். ஒரு மணி நேர வேலை. பலகையை இழைக்க வேண்டியது, இரண்டு ஊசியை மாட்ட வேண்டியது. அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

கரையில் குடையோடு நின்ற பெரிய மனுஷர் சும்மா இருந்தாரா? "நக்கோ இர்பான்பாய், வேண்டாம். நான் பண்றேன்" என்றார். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். வேதவல்லி அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். தொட்டில் அவள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். "சனிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். "செவ்வாய்க்கிழமையே முடிச்சுத் தர்றேன்" என்றார் தண்டபாணி.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போதுதான் வினை வந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டே வேதவல்லி சாதாரணமாகச் சொன்னாள்: "ஏங்க, முன்னாடி உக்கார ஆள் கிடைக்கல. எல்லாருக்கும் ஜோடி இருக்கு. நீங்கதான் வரணும். ஒண்ணும் பெரிய வேலை இல்ல, நான் சொல்றதக் கேட்டாப் போதும்."

தண்டபாணி அப்பளத்தை நொறுக்கி ரசத்தில் போட்டார். "அதுக்கென்ன, வந்தாப் போச்சு" என்றார். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவரே திகைத்துப்போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் செய்த சுக்கானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுக்கான் என்பது பெரிய மர்மமொன்றும் இல்லை. படகின் முதுகில் இரண்டு வளையங்கள் இருக்கும். சுக்கான் பலகையில் இரண்டு ஊசிகள் இருக்கும். கதவைக் கீலில் மாட்டுவதுபோல ஊசியை வளையத்தில் இறக்கினால் வேலை முடிந்தது. சுக்கான் மேலே எழும்பிக் கழன்றுவிடாமல் இருக்க ஒரு சின்னக் கிளிப் மேல் வளையத்தை ஒட்டி இருக்கும். வளையத்துக்கும் ஊசிக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள், லொடலொடவென்று ஆடும். அந்த லொடலொடப்பு தண்டபாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. படகிலிருந்து கழற்றி வந்த வளையத்துக்குள் நைலான் புஷ் என்கிற சின்னக் குழாயொன்றைப் போட்டு, ஊசி அதற்குள் ஒரு நூல்கூட அசையாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்படி செய்தார். நீராவி டர்பைனுக்கு அது போதும். விரலால் தள்ளினால் வெண்ணெயாகத் திரும்பியது. வேதவல்லியைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்க்கச் சொன்னார்.

"நல்லா இருக்கு. தண்ணில போட்டுப் பாத்தீங்களா?" என்றாள்.

ஏரிக்குப் போகாமல் தண்ணீரில் போட்டுப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. வளையத்தையும் ஊசியையும் மாட்டி, குளியலறை வாளியில் அமிழ்த்தி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் எடுத்துத் திருப்பினால் அது அசையவே இல்லை. நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் ஊதும் என்பது முப்பத்துநாலு வருஷம் நீராவியோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு மறந்தே போய்விட்டது. சுத்தியலால் தட்டித்தான் ஊசியைக் கழற்ற வேண்டியிருந்தது. வேதவல்லி குளியலறை வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் வேகம் கூடியது.

தண்டபாணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையோடு சனத்நகருக்கு ஸ்கூட்டரை விட்டார். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் நடேசன் பழைய பழக்கம். "புஷ்ஷைப் பெரிசா கடைஞ்சு குடுப்பா, லூசா இருக்கணும்" என்றார்.

நடேசன் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "என்ன சார் சொன்னீங்க? லூசாவா? நீங்களா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

லூசாகவே கடைந்து வாங்கி வந்து, மறுபடியும் வாளியில் போட்டு, புதன்கிழமை சாயங்காலம் திருப்பிப் பார்த்தார். திரும்பியது. தண்ணீருக்குள்ளும் வெளியிலும் ஒரே மாதிரி அழகாகத் திரும்பியது. சுக்கான் முடிந்துவிட்டது.

சுக்கான் முடிந்தால் என்ன அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை படகில் ஏற வேண்டும் என்று அர்த்தம். தண்டபாணி குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சுக்கானை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடத்துக்கு வந்து, "வேதா, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் அவர் அடித்த கூத்தைச் சொன்னால் தொழிற்சாலையில் போர்த்திய சால்வையைத் திருப்பிக் கேட்பார்கள். வியாழக்கிழமை பலகையின் ஓரம் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது என்று இழைத்தார். இழைத்தது அதிகமாகிவிட்டது என்று மறுபக்கமும் இழைத்தார். வெள்ளிக்கிழமை கிளிப்பில் பிசிர் இருக்கிறது என்று அதைக் கழற்றி, தேய்த்து, காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஏரியில் ஒத்திகை. கரையில் படகைத் தூக்கி நிறுத்தி வளையங்களையும் சுக்கானையும் மாட்டிவிட்டு, ரசமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"நேரா இல்ல. அரை டிகிரி சாய்வு" என்றார்.

"அரை டிகிரி சாஞ்சா என்னங்க ஆகும்?"

"நேராப் போகாது."

"ஏரில எதுங்க நேராப் போவுது?" என்றாள் வேதவல்லி.

தண்டபாணி ஊசியைக் கழற்றினார், மாட்டினார், கீழே தகடு வைத்தார், எடுத்தார். மற்றப் படகுகள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தன. படகு நின்ற சிமெண்டுத் தரையே அரை டிகிரி சாய்வு என்பது அவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரியும். ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒத்திகை போச்சு.

வீட்டுக்கு வந்ததும் வேதவல்லி ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். "பேரை வாபஸ் வாங்கிடறேன். ஓட்டிப் பாக்காத சுக்கானை வச்சிக்கிட்டுப் போட்டிக்குப் போக முடியாது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தண்டபாணி தாங்கியிருப்பார். காய்காரனிடம் இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். "நாலு வருஷமா அடுத்தவங்க சொல்ற பக்கம் சாஞ்சு உக்காந்தேன். ஒரே ஒரு தடவ நான் சொல்ற பக்கம் படகு போகணும், அந்தத் தாள்ல மேல என் பேர் இருக்கணும்னு ஆசப்பட்டேன். அவ்வளவுதான். விடுங்க."

தண்டபாணி எத்தனை பேருடைய வேலையை ஆகாது என்று ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்! தன்னைப்போல ஒரு கழிசடையை ஒருநாளும் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"வேதா, போன் பண்ணாதே" என்றார். "சுக்கான் புதன்கிழமையே ரெடியாயிடுச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சுக்கான்ல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான்... எனக்குத் தண்ணின்னா பயம். படகுல ஏறணுமேன்னு நாள் கடத்தினேன்."

வேதவல்லி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். "நாகார்ஜுன சாகர்ல லாஞ்சுல ஏறிட்டு, லைஃப் ஜாக்கெட் தையல் சரியில்லன்னு இறங்கினீங்களே?"

"தையல் நல்லாத்தான் இருந்துச்சு."

"கோவால படகு இன்ஜின் சத்தம் வித்தியாசமா இருக்குன்னீங்களே?"

"அதுவும் சும்மாதான்."

"ராமேஸ்வரத்துல அலை சரியில்லன்னு சொன்னீங்க. அலைல எதுங்க சரியில்லாம போவும்? அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்!" இப்போது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பத்தோரு வருஷம். பயம்னு ஒரு வார்த்த சொல்ல முப்பத்தோரு வருஷமா? திங்கக்கிழமையே சொல்லியிருந்தா வேற யாரையாவது கெஞ்சிக் கூத்தாடிப் புடிச்சிருப்பேனே. இப்ப யாரைப் போய்த் தேடறது?"

"நான் வர்றேன்."

"வந்து?"

"நீ சொல்றதக் கேக்கறேன்."

வேதவல்லி எழுந்து உள்ளே போனாள். போனை மட்டும் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலையில் பதினோரு படகுகள் வரிசையாக நின்றன. வானம் மூடியிருந்தது, காற்று நன்றாக இருந்தது. தண்டபாணி லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் இழுத்து இறுக்கியதில் மூச்சு பாதிதான் வந்தது. ஆனாலும் சுக்கானைத் தன் கையால்தான் மாட்டினார். கீழ் ஊசி, மேல் ஊசி, இரண்டும் ஒருசேர இறங்கி உட்கார்ந்த அழகைப் பார்த்துவிட்டு, "வாஹ் சாப், கியா ஃபிட்டிங் ஹை!" என்றார் இர்பான். தண்டபாணிக்கு அந்தப் பயத்திலும் உச்சி குளிர்ந்துவிட்டது. ஒருவர் பாராட்டினால் உடனே மயங்கிப் போகக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னவர் அவர். அந்த மயக்கத்தில், வெள்ளிக்கிழமைச் சட்டைப்பையில் காகிதத்தில் சுற்றிக் கிடந்த கிளிப் அவருக்கு ஞாபகமே வரவில்லை.

படகு கரையை விட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணத் தொறங்க! அந்தக் கயிற இழுங்க! அது இல்ல, பச்ச!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருஷமாகக் கிசுகிசுத்துப் பழகிய குரல் இப்படிக் கிளம்பும் என்று யார் கண்டார்கள்? "இப்ப வலது பக்கம் வாங்க! தலையக் குனிங்க! குனிங்கன்னா!" தண்டபாணி ஒவ்வொன்றையும் ஒரு நொடி தாமதமாகச் செய்தார். பாய்க்கம்பு இரண்டு தடவை தலையில் இடித்தது. அப்படியும் முதல் மிதவையைச் சுற்றும்போது எண்ணிப் பார்த்தால், அவர்களுக்குப் பின்னால் மூன்று படகுகள் இருந்தன.

"வேதா, எட்டாவது!" என்று கத்தினார். பயத்தில் கத்தினாரா, சந்தோஷத்தில் கத்தினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலையைத் தாண்டி இரண்டாவது மிதவைக்குத் திரும்பும்போது, மழையில் அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரைப் புதர் ஒன்று குறுக்கே கிடந்தது. படகு வேகமாக அதன்மேல் ஏறியது. படகு தாண்டிவிட்டது. சுக்கானைப் புதர் கீழிருந்து உந்தியது. தடுக்க வேண்டிய கிளிப் போலாரத்தில் துவைக்கப் போட்ட சட்டையில் இருந்தது. சுக்கான் வெண்ணெயாக மேலே எழும்பி, இரண்டு வளையங்களையும் விட்டு விலகி, தண்ணீரில் மிதந்துகொண்டு போனது. படகு சுழன்று காற்றைப் பார்த்து நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

வேதவல்லி வெற்றுக் கையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "இதுவும் வேணும்னேதானா?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் நம்பவும் அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. பின்னால் வந்த மூன்று படகுகளும் அவர்களைக் கடந்து போயின. சுக்கான் ஆறடி தள்ளிப் போனது, பத்தடி தள்ளிப் போனது. தூரத்தில் இர்பான் மோட்டார் படகைத் திருப்பிக்கொண்டு வருவது தெரிந்தது.

"இர்பான் எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டார்.

"வெளியாள் கை பட்டாப் போட்டி முடிஞ்சுது. தாள்ல பேர் வராது" என்றாள் வேதவல்லி.

தண்டபாணி எழுந்து நின்றார். மூன்று எண்ணிக் குதிப்பது என்று முடிவு செய்தார். ஒன்று என்றார். முருகா என்றார். இரண்டு என்றார். படகு ஆடியது. அடுத்த நொடி ஏரி அவர் வாய்க்குள் இருந்தது.

உசேன் சாகர் தண்ணீரின் ருசியை விவரிக்க வேண்டாம். கரையில் நின்றவர்களுக்கே அதன் மணம் தெரியும். ஜாக்கெட் அவரை மேலே தூக்கிவிட்டது. பயம் போய்விட்டதா என்றால், எங்கே போனது, இரட்டிப்பாகிவிட்டது. கைகாலை நாலாபக்கமும் உதறிக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டு அலறிக்கொண்டே, எப்படியோ சுக்கான் இருந்த பக்கமாகப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அது மரம், மிதந்தது. தன் கையால் செய்த பொருள் ஒன்றின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் வந்தது அன்றைக்குத்தான்.

மோட்டார் படகு பக்கத்தில் வந்துவிட்டது. "சாப்! ரஸ்ஸி பகடோ!" என்று இர்பான் கயிற்றை வீசக் கையை ஓங்கினார்.

"நக்கோ! நக்கோ!" என்று தண்டபாணி ஊரே கேட்கக் கத்தினார். "தூர் ரஹோ, கிட்ட வராதே! கயிற வீசாதே! வேதா, நீ வீசு!"

வேதவல்லி தங்கள் படகின் கயிற்றை வீசினாள். முதல் தடவை அது அவர் மூக்கில் பட்டது, இரண்டாம் தடவை கைக்கு வந்தது. அவரையும் சுக்கானையும் சேர்த்து இழுத்துப் படகின் முதுகுக்குக் கொண்டுவந்தாள். மூக்குக்கண்ணாடி போன இடம் தெரியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டு, ஒரு கையால் படகைப் பிடித்து, மறுகையால் தடவித் தடவிக் கீழ் ஊசியை வளையத்தில் நுழைத்தார், மேல் ஊசியை நுழைத்தார். லூசாக இருந்ததால் நுழைந்தது. செவ்வாய்க்கிழமை செய்த புஷ்ஷாக இருந்திருந்தால் ராத்திரி வரைக்கும் அங்கேயே தொங்கியிருப்பார்.

ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து வேதவல்லி அவரை உள்ளே இழுத்துப் போட்டாள். "கிளிப் எங்கங்க?" என்றாள்.

"சட்டைப்பையில. வெள்ளிக்கிழமை சட்டை" என்றார், நுரையீரலிலிருந்த ஏரியைத் துப்பிக்கொண்டே. "நீ ஓட்டு. நான் புடிச்சுக்கறேன்." படகின் பின்விளிம்பில் குப்புறக் கவிழ்ந்து, சுக்கானின் தலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையகலம்கூட இல்லாத கிளிப் செய்ய வேண்டிய வேலையை, எழுபத்தெட்டு கிலோ எடையுள்ள ஓய்வுபெற்ற தரப் பரிசோதகர் செய்ய ஆரம்பித்தார். அவர் பாரத்தில் படகின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. வேகம் ஆமை வேகம். முன் கயிற்றையும் வேதவல்லியே இழுத்தாள், சுக்கானையும் அவளே திருப்பினாள்.

மற்ற எல்லாப் படகுகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. முதல் படகு முடித்து அரை மணிக்குள் முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. ஏரியின் நடுவே இவர்கள் இருவரும்தான்.

"நவராதீங்க" என்றாள்.

"நவரல."

கொஞ்சம் போனதும், "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"கேக்கற மாதிரிதானே நடந்துக்கிட்டேன்" என்றார் தண்டபாணி, தண்ணீரைப் பார்த்தபடியே.

கோட்டைத் தாண்டும்போது இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. நடுவர் படகிலிருந்து ஊதல் சத்தம் வந்தது. வேதவல்லி ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அதற்கு எழுத்தில்லை. தண்டபாணி அப்போதும் சுக்கானை விடவில்லை. கரையில் இர்பான் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

மதியம் பலகையில் தாள் ஒட்டினார்கள். பதினோராம் இடம், கடைசி வரி. மேலே கொட்டை எழுத்தில் வேதவல்லி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் தண்டபாணி. வேதவல்லி அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. போனில் மூன்று படம் எடுத்தாள். கணவரைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி நான்காவது படம் எடுத்து, நான்கையும் பெங்களூரில் இருக்கும் ஹர்ஷிதாவுக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. "அம்மா யூ டிட் இட்!" என்று ஒன்று. அடுத்தது, "அப்பா ஏன் ஃபுல்லா வெட்டா இருக்காரு?"

வேதவல்லி பெருவிரலால் தட்டினாள். தண்டபாணி எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. 'சுக்கானை எடுக்க உங்கப்பா ஏரியில் குதிச்சார்' என்று எழுதியிருந்தது. இன்னும் அனுப்பவில்லை.

"வேதா" என்றார். "நான் குதிக்கல. மூணு எண்ணலாம்னு இருந்தேன். ரெண்டுலயே படகு ஆடி விழுந்துட்டேன்."

வேதவல்லி போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "படகு ஆடாம இருந்தா, மூணு எண்ணி முடிச்சுக் குதிச்சிருப்பீங்களா?"

தண்டபாணி யோசித்தார். குதித்திருப்பேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியல வேதா" என்றார்.

வேதவல்லி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அனுப்பிவிட்டு, ஈரம் சொட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேண்டீன் பக்கம் நடந்தாள்.